ஆறு கட்டிச் சவர்க்காரம்

"இது என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம்," என்று ஜொய்சி உள்ளங்கையை நீட்டினாள்.

அதில் சுண்டுவிரல் நகத்தளவில் சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. றஜீபனுக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும். தெரியாதவன்போலக் குனிந்து பார்த்தான்.

"செத்தல் மிளகாய்த் தோலோ?"

"சவுக்காரம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு வந்துதான் உடைச்சனான். இண்டைக்கு வியாழன். ஆறு கட்டியும் நத்தார் வரைக்கும் காணுமெண்டு நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்? புரட்டாதி முடியேல்லை, மூண்டு கட்டி முடிஞ்சுது."

றஜீபன் கிணற்றடியைச் சுற்றிப் பார்த்தான். வேலியில் ஒரு காகம் இருந்தது.

"காகமா இருக்கும்," என்றான்.

"காகம் எண்டால் முழுக் கட்டியையும் தூக்கிக்கொண்டு போகும். தேய்ச்சுப்போட்டு மிச்சத்தைச் சிரட்டைக்குள்ளை வைச்சிட்டுப் போகாது."

ஜொய்சி முன்பள்ளி ரீச்சர். பதினாறு பிள்ளைகளில் யாருடைய பிஸ்கற்றை யார் தின்றது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். புருசனுடைய முகம் அவளுக்குக் கஷ்டமான பாடம் அல்ல. ஆனால், சவர்க்காரத்தை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன கள்ளத்தனம் செய்ய முடியும் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

அவன் செய்த கள்ளத்தனம் இதுதான்: ஒரு நாளைக்கு எட்டுத் தரம் கை கழுவினான்.

சித்திரையில் முல்லைத்தீவுப் பக்கம் கடற்கரையில் வாடிக் குடிசை போட்டு மீன்பிடித் தொழில் செய்யப் போனவன், பன்னிரண்டு நாளுக்கு முன்னர்தான் அல்லைப்பிட்டிக்குத் திரும்பியிருந்தான். போகும்போது கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்ற மகள் அன்ரனிட்டா, வரும்போது முற்றத்தில் ஓடித் திரிந்தாள். அவன் பையைக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு "என்ரை குஞ்சு" என்று போனான். அவள் ஒரு கணம் சிரிக்கப் பார்த்தாள். பக்கத்தில் வந்ததும் மூக்கைச் சுருக்கினாள். பிறகு ஒரு கத்துக் கத்தினாள் பாருங்கள், வீதியால் போன ஐஸ்கிறீம்காரன் மணியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

அந்த மூக்குச் சுருக்கலை றஜீபனால் மறக்க முடியவில்லை.

வாடியில் கூட இருந்த தம்பு அண்ணை இதை முன்னமே சொல்லித்தான் அனுப்பியிருந்தார். "என்ரை மூத்தவள் ரெண்டு வருசம் என்னட்டை வரேல்லையடா. மீன் நாத்தம். சிவப்புச் சவுக்காரத்தாலை முழங்கை வரைக்கும் உரஞ்சிப்போட்டுத்தான் பிள்ளையைத் தொடவேணும்." அந்தப் புத்தியைக் கேட்டுத்தான் அவன் ஆறு கட்டிச் சிவப்புச் சவர்க்காரம் வாங்கி வந்தான். பஸ்ஸால் இறங்கியதும் சந்திக் குழாயில் அதில் ஒன்றை உடைத்து, முழங்கைவரை உரஞ்சிய பிறகுதான் வீட்டுப் படலையைத் திறந்தான். அப்படியிருந்தும் பிள்ளை கத்தினாள் என்றால், நாற்றம் தோலுக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கும் என்று அவன் கணக்குப் போட்டான்.

அன்றிலிருந்து கடலுக்கும் போகவில்லை. மீன் கூடையைக்கூடத் தொடவில்லை. கழுவினான். கழுவிவிட்டுப் பிள்ளையிடம் போனான். பிள்ளை கத்தினாள். திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் கழுவினான்.

வீட்டுக்குள்ளே பிள்ளைக்கும் ஜொய்சிக்கும் வெள்ளைச் சவர்க்காரம் ஒன்று இருந்தது. அது குழந்தைப்பிள்ளைச் சாமான், மீனுக்குக் காணாது என்பது அவனுடைய முடிவு. ஜொய்சியின் தாய் மாக்கிறேற் மாமி மீன் வெட்டினால் தேசிக்காயும் சாம்பலும் போட்டுத்தான் கை கழுவுவார். ஆகவே சிவப்புச் சவர்க்காரம் முழுவதும் அவனுக்கே தனிச் சொத்தாக இருந்தது.

இதில் ஒரு அவசரமும் இருந்தது. ஆடி மாதம் பிள்ளைக்கு நெஞ்சுச்சளி முற்றி ஐந்து நாள் ஆஸ்பத்திரி வாட்டில் வைத்திருந்தார்கள். காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, மொத்தம் பத்து ஊசி. வாடியில் போன் எடுபடாது. செய்தி றஜீபனுக்கு வந்தது நாலாம் நாள். வரட்டோ என்று கேட்டதற்கு, "இப்ப சுகம். மிட்வைஃப் சறோஜினிதேவி மிஸ் ரெண்டு நேரமும் வந்து பக்கத்திலை நிண்டு பாக்கிறா. நீங்கள் தொழிலை முடிச்சிட்டு வாங்கோ," என்றாள் ஜொய்சி. அவன் அதைக் கேட்டு அங்கேயே நின்றுவிட்டான். அப்படி நின்றதற்காகத் தன்னை அவன் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த ஐந்து நாளில் மாக்கிறேற் மாமி அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தார். பிள்ளை சுகமாகி வந்தால், தகப்பன் தன் கையாலேயே அவளைத் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய் அவருடைய சிலைக்கு, அந்தச் சுருவத்துக்கு, முன்னால் நிற்பான். நேர்த்தி வைத்தது மாமி. நிறைவேற்ற வேண்டியது மருமகன். நாளும் குறித்தாகிவிட்டது, அடுத்த செவ்வாய் இல்லை, அதற்கடுத்த செவ்வாய் பின்னேரம். ஊர் முழுக்கக் கோயிலில் இருக்கும். சொந்தப் பிள்ளை தகப்பன் கையில் கிடந்து வீரிட்டால் ஊர் என்ன சொல்லும் என்பதைவிட, அந்தோனியார் என்ன நினைப்பார் என்பதுதான் றஜீபனுக்குப் பயமாக இருந்தது.

"சரி," என்று ஜொய்சி உள்ளங்கையைக் கழுவினாள். "நாலாவது கட்டியை நான் பாத்துக்கொள்ளுறன். சவுக்காரம் பாவிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு."

அவளுக்கு அதில் பயிற்சி இருந்தது. முன்பள்ளியில் கை கழுவப் பழக்குகிறவளே அவள்தான். நைலோன் நூலால் கட்டியை நாலாக அறுத்தாள். மூன்று துண்டை வெயிலில் காயவைத்து ரின்னுக்குள் போட்டாள். காய்ந்த சவர்க்காரம் கெதியில் கரையாது என்றாள். மீதித் துண்டை, கிழிந்த இறால் வலையில் தைத்த சின்னப் பைக்குள் போட்டு, ஈரம் படாமல் கிணற்றடிப் பூவரசங் கொப்பில் தூக்கிவிட்டாள். பிறகு புருசனைப் பக்கத்தில் நிறுத்திப் பாடம் எடுத்தாள்.

"முதல் கையை நனைக்கவேணும். பேந்து பையோடை மூண்டு தரம் உருட்டினால் காணும். மிச்சம் இருபது எண்ணுமட்டும் கையைக் கையாலைதான் உரஞ்சவேணும், சவுக்காரத்தாலை இல்லை. விரலிடுக்கு, நகத்தடி, பெருவிரல். அழுக்குப் போறது உரஞ்சிறதாலை. சவுக்காரத்தைக் கரைக்கிறதாலை இல்லை. விளங்குதே?"

"ஓம் ரீச்சர்," என்றான் றஜீபன்.

அவன் சொன்னபடி செய்தான். ஆனால் கிணற்றுத் தண்ணீர் உவர். தீவுக் கிணற்றில் சவர்க்காரம் லேசில் நுரைக்காது. மூன்று தரம் உருட்டியதற்கு வழுவழுவென்று ஒரு பூச்சு வந்ததே தவிர, நுரை என்று ஒன்றும் வரவில்லை. நுரையைக் கண்ணால் காணாத மனிதனுக்கு நாற்றம் போனது என்று எப்படி நம்பிக்கை வரும்? அவன் தம்பு அண்ணைக்குப் போன் எடுத்தான்.

"எத்தினை தரம் கழுவுறாய்?" என்று கேட்டார் தம்பு அண்ணை.

"எட்டு."

"நுரை வருதே?"

"இல்லை அண்ணை."

"நுரை வராட்டி அது கழுவினதில்லையடா, நனைச்சது," என்றுவிட்டு அவர் போனை வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை தண்ணீர்ப் பவுசர் வண்டி வந்து வீதியில் நின்றது. கிழமையில் இரண்டு நாள், செவ்வாயும் வெள்ளியும், அது கொண்டுவந்து தரும் நல்ல தண்ணீர்தான் வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும். றஜீபன் கான்களை நிரப்பித் தூக்கிவந்து குசினிப் பரலில் ஊற்றும்போது கொஞ்சம் கையில் சிந்தியது. சிந்திய கையோடு போய் வலைப்பையை மூன்று தரம் உருட்டினான். முழங்கைவரை வெள்ளை வெளேரென்று நுரை எழும்பியது. அவன் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றான். ஐந்து மாதத்தில் அவன் அவ்வளவு சந்தோசமாக எதையும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நாலு நாளும் வீட்டில் ஒரு அதிசயம் நடந்தது. சவர்க்காரத் துண்டு தேயவேயில்லை.

"பாத்தியளே?" என்று ஜொய்சி வலைப்பையைத் தூக்கிக் காட்டினாள். "சொன்ன முறைப்படி செய்தால் ஒரு கட்டி ரெண்டு மாதம் போகும். முன்பள்ளியிலை உங்களைத்தான் உதாரணமாச் சொல்லப்போறன்."

அவளுக்குத் தெரியாதது, ஒவ்வொரு தரமும் இரண்டு கோப்பை நல்ல தண்ணீர் பூவரச மரத்தடிக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது. பிள்ளையும் முன்னைவிட நன்றாகக் கத்தினாள். நுரைத்துக் கழுவிய கையோடு அவன் வாசலில் தலையைக் காட்டினாலே போதும், அவள் தாயின் காலைக் கட்டிக்கொண்டாள். முன்னர் பக்கத்தில் போகும்வரையாவது பொறுத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை மாக்கிறேற் மாமி தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பையை வைத்துவிட்டு, யோசித்தார்.

"பிள்ளை, சீனிப் போத்தலுக்குள்ளை உப்பை மாறிக் கொட்டிப்போட்டன் போலை."

"இல்லையம்மா. பரல் காலி. கிணத்துத் தண்ணியிலைதான் ஊத்தினனான்."

"வெள்ளிக்கிழமைதானே நிறைச்சது?"

"அதுதான் எனக்கும் விளங்கேல்லை. பரல் ஒழுகுதோ தெரியாது."

மாமியும் மகளும் பரலைச் சாய்த்து, அடியைத் தடவி, வெளிச்சத்துக்குப் பிடித்து ஆராய்ந்தார்கள். ஓட்டை இல்லை. றஜீபன் உப்புத் தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். அப்படிக் குடித்ததைக் கண்டதும்தான் ஜொய்சிக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. அவள் எழும்பிப் பூவரசடிக்குப் போனாள். பூவரசைச் சுற்றி இருந்த மண் ஈரமாக இருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு இல்லை.

"சவுக்காரம் எண்டால் கடையிலை வேண்டலாம்," என்றாள் திரும்பி வந்து. குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவளுடைய கோபம். "நல்ல தண்ணிக்கு நான் எங்கை போவன்? என்னப்பா செய்யிறியள் நீங்கள்?"

"பூவரசு வாடிக் கிடந்தது," என்றான் றஜீபன்.

கடற்கரைப் பூவரசு வாடியதை உலகத்தில் யாரும் கண்டதில்லை. ஜொய்சி பரலுக்கு மூடி போட்டு, மூடிக்கு மேல் அம்மியின் குழவியைத் தூக்கி வைத்தாள்.

இப்போது நல்ல தண்ணீரும் இல்லை. சவர்க்காரமும் நுரைக்காது. நேர்த்திக்கு எட்டு நாள்தான் இருந்தது. றஜீபன் யோசித்துக்கொண்டே இருந்தான். புதன்கிழமை ஒரு வழி பிடிபட்டது. கட்டியைப் பொடியாக்கி வெந்நீரில் கரைத்துப் போத்தலில் விட்டால், முதலே கரைந்த சவர்க்காரம் கையில் கரையவேண்டிய அவசியம் இல்லை. ஒரு கரண்டி போதும். கட்டியும் கனகாலம் போகும். ஜொய்சிக்கும் பதில் சொல்லலாம்.

ஜொய்சி பிள்ளையோடு முன்பள்ளிக்கும் மாமி செபமாலைக்கும் போன நேரமாகப் பார்த்து அவன் குசினிக்குள் போனான். சவர்க்காரத்தைப் பொடியாக்க வீட்டில் வேறு சாமான் அகப்படவில்லை. திருவலையில் ஏறி இருந்து, தேங்காய் திருவுகிறமாதிரி, ஐந்தாவது கட்டியையும் ரின்னிலும் வலைப்பையிலும் இருந்த துண்டுகளையும் திருவித் தள்ளினான். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டிக் கிண்டினான். உவர்த் தண்ணீரும் சவர்க்காரமும் சேர்ந்து திரைந்தன. மேலே தயிர்க்கட்டி மாதிரி ஒரு ஆடை மிதந்தது, கீழே கலங்கிய தண்ணீர் கிடந்தது. அதையும் அவன் வீணாக்கவில்லை. இரண்டு போத்தலில் வடித்து விறகுக்குப் பின்னால் ஒளித்தான். திருவலையை இரண்டு தரம் தண்ணீர் ஊற்றிக் கழுவினான். திருவலைப் பல்லுக்கு இடையில் என்ன இருந்தது என்று குனிந்து பார்க்கவில்லை.

வியாழக்கிழமை காலை புட்டும் சம்பலும்.

மாமி ஒரு பிடி சாப்பிட்டார். மெல்ல மென்றார். "இந்த முறைத் தேங்காய் என்னவோ வேற மாதிரி," என்றார்.

ஜொய்சி தாயைப் பார்த்தாள். மாமியின் கடைவாயில் ஒரு சின்ன நுரைக் குமிழி வந்து, வெளிச்சத்தில் கொஞ்சம் மினுங்கிவிட்டு, உடைந்தது.

ஜொய்சி தன் கோப்பையை மணந்து பார்த்தாள். பிறகு எழும்பிப் போய்த் திருவலையை மணந்து பார்த்தாள். பிறகு அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டே போய், விறகுக்குப் பின்னால் இருந்து இரண்டு போத்தலையும் எடுத்துவந்து மேசைமேல், றஜீபனுக்கு முன்னால், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள். முன்பள்ளியில் பிஸ்கற் கள்ளனுக்கு முன்னால் வெற்றுப் பெட்டியை அப்படித்தான் வைப்பாள்.

றஜீபன் போத்தல்களைப் பார்த்துக்கொண்டு இருந்தான். காகத்தைச் சொல்ல இனி வழியில்லை.

"என்ரை கை நாறுது," என்றான் கடைசியில். "அதாலைதான் அவள் என்னட்டை வாறாளில்லை. ஐஞ்சு மாதம் கடலுக்குள்ளை கிடந்த கை. என்ன கழுவினாலும் போகுதில்லை. அவளுக்கு மணக்குது. வந்த அண்டைக்கே மூக்கைச் சுருக்கினவள். நீர் காணேல்லை, நான் கண்டனான். வருத்தத்திலை கிடக்கேக்கையும் நான் பக்கத்திலை இல்லை. இப்ப வந்து நிண்டும் கிட்டப் போக ஏலாமல் கிடக்கு."

மாமி புட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு, வேலை இருக்கிறவர்போலக் குசினிக்குள் போய்விட்டார்.

ஜொய்சிக்கு அவ்வளவு நேரமும் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவனுடைய கையை எடுத்து முகத்துக்குக் கிட்டே பிடித்தாள். தோல் வெளுத்து, விரல் நுனியெல்லாம் வெடித்துப்போய் இருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது.

"எனக்கு மீன் மணக்கேல்லையப்பா. சவுக்காரம்தான் மணக்குது."

"உமக்கு மூக்குப் பழகிட்டுது. நீர் மீன்காரன்ரை பெண்சாதி."

"அவள் மட்டும் ஆரின்ரை பிள்ளையாம்? நீங்கள் போனதிலை இருந்து உங்கடை பழைய சாரத்தை விரிச்சுத்தான் அவளைப் படுக்க விடுறனான். அது இல்லாட்டி அவளுக்குக் கண் மூடாது."

றஜீபன் திடுக்கிட்டான். "எந்தச் சாரம்? கடலுக்கு உடுக்கிற நீலமே?"

"ஓம்."

"ஜொய்சி, அது தோய்ச்சதே?"

"நல்லாத் தோய்க்கேல்லை. தோய்ச்சால் சிணுங்குவாள்."

"பின்னை என்ன. அந்த நாத்தத்திலையே படுத்துப் படுத்துத்தான் பிள்ளைக்கு வெறுத்துப்போச்சு," என்றான் அவன். வழக்கில் தோற்கப் போனவனுக்குக் கடைசி நேரத்தில் சாட்சி கிடைத்த சந்தோசம் அவன் முகத்தில் இருந்தது. ஜொய்சிக்கு அந்த நியாயம் முழுவதும் சரியாகப் படவில்லை. ஆனால் வெடித்துப்போன அந்தக் கையைப் பார்த்த பிறகு அவனோடு வாதாட அவளுக்கு மனம் வரவில்லை.

"சரி," என்றாள். "ஒளிச்சு ஒளிச்சுச் செய்யவேண்டாம். மூண்டு பேருமாச் சேர்ந்து செய்வம்."

அன்றிலிருந்து வீட்டில் சவர்க்கார விரதம் தொடங்கியது. ஜொய்சி இரண்டு போத்தலையும் நல்ல தண்ணீர் கொஞ்சம் விட்டுத் திருத்தினாள். நீலச் சாரம் இரண்டு தரம் அலசப்பட்டது. அவனுடைய சேட்டுகள், துவாய், அவன் சாய்கிற கதிரை, அவன் படுக்கிற பாய் எல்லாம் கழுவப்பட்டன. மாமி தேசிக்காயையும் சாம்பலையும் தள்ளி வைத்துவிட்டு, மருமகனுக்காகச் சிவப்புச் சவர்க்காரத்துக்கு மாறினார். சனிக்கிழமை பின்னேரம் பார்த்தால் வீடு, முற்றம், கொடி, மனிதர்கள் எல்லாவற்றிலும் ஒரே மணம்.

சாரத்தை விரித்துப் படுக்க விட்டபோது அன்ரனிட்டா அதைச் சுருட்டி வெளியே எறிந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமி அவளைத் தூக்கப் போனார். கத்தினாள். ஜொய்சி தூக்கப் போனாள். பெற்ற தாயைப் பார்த்தும் கத்தினாள். கடைசியில் முற்றத்து மூலையில் கட்டியிருந்த ஆட்டின் பக்கத்தில் போய் இருந்து, அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, விசும்பி விசும்பி நித்திரையாகிவிட்டாள். பெரியவர்கள் மூன்று பேரும் வாசலில் வரிசையாக நின்று அதைப் பார்த்தார்கள். ஆட்டை மட்டும்தான் அவர்கள் இன்னும் கழுவவில்லை.

"பல்லு முளைக்குதோ?" என்றார் மாமி.

"கண்ணூறாய் இருக்கும்," என்றாள் ஜொய்சி. அவள் இதையெல்லாம் நம்புகிறவள் அல்ல.

தன்னால்தான் பிள்ளைக்கு வீடே வெறுத்துவிட்டது என்று றஜீபனுக்குத் தோன்றியது.

திங்கட்கிழமை போத்தல் இரண்டும் காலி. மிச்சம் இருந்தது ஆறாவது கட்டி. மாமி அதைப் பேப்பர் கழற்றாமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "நாளைக்குக் கோயிலுக்குப் போக முதல் ஒருக்கால் கழுவுங்கோ தம்பி. அதுவரைக்கும் ஒண்டுமே செய்யவேண்டாம். மிச்சத்தை அந்தோனியார் பாப்பார்."

செவ்வாய்க்கிழமை விடிய, றஜீபன் எழும்பிப் பக்கத்து வீட்டு இராசநாயகத்தாரோடு நண்டுவலை எடுக்கக் கடலுக்குப் போனான். இருபத்துநாலு நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான் போனான். வீட்டில் இருந்து பிள்ளை தன்னைப் பார்த்துப் பயப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது லேசாக இருந்தது.

ஒன்பது மணிக்கு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தான். உள்ளே போகவில்லை. படலைக்கு வெளியே நிழலில் இருந்து, வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றத் தொடங்கினான். கையெல்லாம் சேறும் செதிலும், மீன் நாற்றம் தாராளமாக அடித்தது. கழுவ அலுமாரிச் சவர்க்காரத்தைக் கேட்க மனம் வரவில்லை. கோயிலுக்குப் போக முதல் ஒரு தரம்தான் என்பது மாமியின் கட்டளை.

படலை கிரீச்சிட்டது. நேர்த்திக்கு லீவு போட்டு வீட்டில் நின்ற ஜொய்சியாக்கும் என்று நிமிராமலே இருந்தான். முழங்காலில் ஏதோ முட்டியது.

அன்ரனிட்டா நின்றுகொண்டிருந்தாள். அவனுடைய சேட்டைப் பிடித்தாள். மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மணந்தாள். பிறகு, தனக்கென்று வைத்திருந்த இடத்தில் இருக்கிறவள்போல, திரும்பி அவன் மடியில் இருந்தாள்.

றஜீபன் இரண்டு கையையும் ஆகாயத்துக்குத் தூக்கிவிட்டான். சோதனைச் சாவடியில்கூட அவன் அவ்வளவு கெதியாகக் கை தூக்கியதில்லை.

"பிடியுங்கோவன்," என்று படலையடியில் நின்று ஜொய்சி மெல்லச் சொன்னாள்.

"கை கழுவேல்லை."

"பரவாயில்லை, பிடியுங்கோ."

அவன் பிடிக்கவில்லை. பயம். பிள்ளையே எட்டி ஒரு கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்து, பெருவிரலைப் பிடித்துக்கொண்டாள். றஜீபன் அசையாமல் இருந்தான். அவனுக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்க ஒரு கைதான் மிச்சம் இருந்தது, அதிலும் நண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

மாக்கிறேற் மாமி வந்து பார்த்தார். சிலுவை அடையாளம் போட்டார். "பின்னேரம்தானே நேர்த்தி," என்றார் மெதுவாக. "காலமையே செய்துபோட்டார் அந்தோனியார்."

கொஞ்ச நேரத்தில் மிட்வைஃப் சறோஜினிதேவி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். மாதத்துக்கு ஒரு தரம் பிள்ளைகளை வீடுவீடாக வந்து நிறுப்பவர். தகப்பன் மடியில் பிள்ளை ஆறுதலாக நண்டுக் காலைப் பார்த்துக்கொண்டு இருப்பதைக் கண்டு அவருக்குச் சிரிப்பு வந்தது.

"இவவே அந்தக் கத்துற ஆள்? வாட்டிலை பெரிய ஆளெல்லோ," என்றார். பிள்ளை அவரைப் பார்த்தாள். கத்தவில்லை. தகப்பனின் பெருவிரலையும் விடவில்லை. "நிறுக்க முதல் கையை ஒருக்கால் கழுவவேணும் பிள்ளை. சவுக்காரம் இருக்கே?"

விருந்தாளிக்குப் பாவித்த சவர்க்காரத்தைக் கொடுக்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை. வீட்டுக்குள் இருந்த வெள்ளைக் கட்டியும் பாவித்ததுதான். மாமி உள்ளே போய் அலுமாரியைத் திறந்து, ஆறாவது கட்டியைக் கொண்டுவந்து, அவருக்கு முன்னாலேயே பேப்பரைக் கிழித்தார்.

பிள்ளையின் மூக்குச் சுருங்கியது. அடுத்த கணம், தகப்பன் வந்த முதல் நாள் கத்தியதுபோலவே வீரிட்டாள். ஆனால் இந்த முறை ஓடவில்லை. றஜீபனின் நெஞ்சில் ஏறி, அவன் கழுத்தைக் கட்டிப்பிடித்து, மீன் நாறுகிற சேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவன் தன்னை மறந்து இரண்டு கையாலும் அவளை அணைத்தான்.

"ஊசி போடுற மிஸ்ஸைக் கண்ட பயம்," என்று மாமி மன்னிப்புக் கேட்கிறமாதிரிச் சொன்னார்.

சறோஜினிதேவி மாமியின் கையிலிருந்த கட்டியை வாங்கி ஒரு தரம் மணந்து பார்த்தார். தகப்பனின் வெடித்த விரல்களைப் பார்த்தார். கொடியில் காய்கிற நீலச் சாரத்தைப் பார்த்தார். பிறகு கட்டியை அதன் பேப்பருக்குள்ளேயே திரும்பச் சுற்றி, மாமியின் கையில் வைத்தார்.

"கை கழுவவேண்டாமெண்டு நான் சொல்ல ஏலாது தம்பி, ஆனால் சவுக்காரத்தை மாத்தும், வாட்டிலை இவவுக்குப் பத்து ஊசி போட முதலும் நாங்கள் கை கழுவினது இந்தச் சிவப்பாலைதான்."